ஒரு தீக்குச்சியின் விலை

நுழையும்முன்

பொருளின்மீது அச்சிடப்பட்டிருக்கும் விலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். அப்பொருளைச் செய்த கைகள் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. கடைப்பலகையில் அருகருகே இருக்கும் இரண்டு சிறுபொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வது மிக எளிய செயலாகத் தோன்றும். அந்தச் செயலுக்குள் ஒரு தொழிலின் நூறாண்டு வரலாறும் பல குடும்பங்களின் அன்றாட வாழ்வும் அடங்கியிருப்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடைப்பலகை

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் மணப்பாறையைக் கடந்தால் வையம்பட்டி வரும். மழையை நம்பி உழவு செய்யும் சிற்றூர்கள் பலவற்றுக்கு அதுவே கடைத்தெரு. அங்கே, 2022ஆம் ஆண்டின் ஐப்பசி மழை நாளொன்றில், மாலை நேரத்தில், மளிகைக் கடை ஒன்றின் முன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அருகிலுள்ள நூற்பாலை ஒன்றில் இரவுக் காவலர். வேலைக்குச் செல்லும் வழியில் வீட்டுக்குத் தீப்பெட்டி வாங்க வந்தவர்.

கடைக்காரர் இரண்டு பொருள்களைப் பலகைமேல் வைத்தார். ஒன்று தீப்பெட்டி. மற்றொன்று நீலநிற ஞெகிழியாலான லைட்டர்.

"லைட்டரு பத்து ரூவா. இருபது தீப்பெட்டிக்குச் சமம்னு சொல்றாங்க. தீப்பெட்டி இப்ப ரெண்டு ரூவா ஆயிடுச்சு. எது வேணும்?"

இருபது தீப்பெட்டிகளின் விலை நாற்பது ரூபாய். லைட்டரின் விலை பத்து ரூபாய். எஞ்சுவது முப்பது ரூபாய். கணக்கு எளிதானது. அவருடைய வீட்டில் முப்பது ரூபாய் என்பது ஒருநாள் பாலுக்கும் தேயிலைக்கும் ஆகும் செலவு. அத்துடன், மழைக்காலத்தில் தீக்குச்சி நமத்துப்போகும். நான்கு முறை உரசினாலும் பற்றாது. லைட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் லைட்டரைக் கையில் எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சுடர் உடனே எழுந்தது. அதை அணைத்துவிட்டு, திருப்பி அதன் அடிப்பகுதியைப் பார்த்தார். அயல்நாட்டில் செய்யப்பட்டது என்பதற்கான எழுத்துகள் அங்கே இருந்தன. அவற்றைக் கண்டதும் உடனே முடிவெடுக்க இயலாமல் அவர் கை சற்றே தயங்கியது.

அந்தத் தயக்கத்திற்குக் காரணம் இருந்தது.

பட்டை தீட்டிய கண்கள்

நூற்பாலைக்குச் செல்வதற்குமுன் அவர் இருபது ஆண்டுகளுக்குமேல் திருச்சிராப்பள்ளிப் பட்டறைகளில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சிராப்பள்ளிக்குப் பெயர் தேடித்தந்த தொழில்களுள் அதுவும் ஒன்று. நகரத்தின் சந்துகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் அது குடிசைத் தொழிலாகப் பரவியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் மணிக்கற்களை உருவாக்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் அகஸ்டு வெர்னாயில் 1902ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன்பின் செயற்கைக் கற்கள் உலகெங்கும் அணிகலன்களில் இடம்பெற்றன. கல்லை எவர் உருவாக்கினாலும், அதற்கு ஒளியைத் தருவது பட்டை தீட்டுபவரின் கையே. அரிசி மணியினும் சிறிய கல்லை அரக்கு வைத்துக் குச்சியின் முனையில் ஒட்டி, சுழலும் தட்டின்மேல் உரிய சாய்வில் வைத்துத் தேய்க்க வேண்டும். வட்டவடிவ வைரத்திற்குரிய முழுமையான வெட்டில் 57 பட்டைகள் உண்டு. ஒரு பட்டையின் சாய்வு சிறிது பிசகினாலும் கல் மங்கிவிடும். கண்ணாலும் விரல்நுனியாலும் அளந்து செய்யவேண்டிய வேலை அது.

1976ஆம் ஆண்டு முதல் கனசதுரச் சிர்கோனியா என்னும் கல் உலகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்க வைரம் என்று கடைத்தெருவில் சொல்லப்படுவது அதுவே. பின்னர், அக்கற்களைப் பொறிகளால் பட்டை தீட்டி அனுப்பும் முறை அயல்நாடுகளில் வளர்ந்தது. பொறி வெட்டிய கற்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. விலையும் குறைவாக இருந்தது. நகை செய்வோர் அவற்றை வாங்கினர். பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தட்டைச் சுழற்றிய கைகள் வேறுவேறு வேலைகளைத் தேடிச் சென்றன. அவ்வாறு சென்ற கைகளுள் ஒன்றுதான் இப்போது மளிகைக் கடையில் லைட்டரைப் பிடித்திருந்தது.

தம் கல்லை வாங்காமல் போனவர்களை அவர் பழித்ததில்லை. அவர்கள் எவரும் அவருக்குத் தீங்கு செய்ய நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மிச்சமாகும் சில காசுகளை மட்டுமே பார்த்தனர். பல்லாயிரவர் பார்த்த சிறுசிறு மிச்சங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தொழிலை நலிவடையச் செய்தன. இன்று அவர்கள் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார். அந்தத் தீப்பெட்டியைச் செய்தவர்களின் வாழ்வு அவருடைய கையில் ஒரு சிறு பங்காக வந்து அமர்ந்திருக்கிறது.

குச்சியின் கதை

உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை 1826ஆம் ஆண்டளவில் கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர். தொடக்கக் காலத் தீக்குச்சிகளில் வெண்பாஸ்பரஸ் பயன்படுத்தப்பட்டது. அது தொழிலாளர்களின் தாடையெலும்பை அழிக்கும் கொடிய நோயைத் தந்தது. 1844ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்டாப் எரிக் பாஷ் தீங்கற்ற முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல், பெட்டியின் பக்கத்தில் பூசும் முறை அது. இன்று நாம் பயன்படுத்தும் தீப்பெட்டியின் அடிப்படை அதுவே. குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டும் உரசும்போது மட்டுமே தீப்பிறக்கிறது.

இந்தியாவுக்குத் தீப்பெட்டி நெடுங்காலம் கடல்கடந்தே வந்தது. முதலில் சுவீடன் முதலிய ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் பின்னர்ப் பெருமளவில் ஜப்பானிலிருந்தும் வந்தது. ஒரு தீக்குச்சிக்குக்கூட அயல்நாட்டை எதிர்பார்க்க வேண்டுமா என்ற கேள்வி சுதேசி இயக்கக் காலத்தில் எழுந்தது. வங்காளத்தில் சிலர் சிறு அளவில் தீப்பெட்டி செய்யக் கற்றிருந்தனர். 1922ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கொல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்றனர். ஊர் திரும்பி 1923ஆம் ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்.

மழை குறைந்த கரிசல் நிலம் அது. வேளாண்மை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புக்கு வேறு வழியில்லாத மக்கள் அங்கே மிகுதி. வறண்ட காற்று, தீப்பெட்டி உலர்வதற்கு ஏற்றதாக இருந்தது. பெரிய பொறிகள் இல்லாமல் கையாலேயே செய்யத்தக்க வேலையாகவும் அது அமைந்தது. சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனத் தெற்கேயும் குடியாத்தம் என வடக்கேயும் அத்தொழில் பரவியது.

அதே 1923ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம், விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே பொறிகளுடன் தீப்பெட்டி ஆலை நடத்த முற்பட்டது. சென்னைத் திருவொற்றியூரில் அந்நிறுவனத்தின் ஆலை இருந்த பகுதிக்கு இன்றும் விம்கோ நகர் என்றே பெயர். ஒரு பக்கம் உலகெங்கும் கிளைபரப்பிய நிறுவனத்தின் பொறிகள்; மறுபக்கம் கரிசல் காட்டுப் பெண்களின் விரல்கள். நூறாண்டுகளுக்குப் பின்னும் அந்த விரல்கள் தோற்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குத் தீப்பெட்டித் தொழில் நேரடியாக வேலை தருகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இரண்டு ரூபாய்க்குள்

தீப்பெட்டியின் விலை உயர்ந்ததாக வையம்பட்டிக் கடைக்காரர் கூறினார். அந்த உயர்வின் வரலாறும் அறியத்தக்கது. 1995ஆம் ஆண்டு 25 காசிலிருந்து 50 காசாகவும், 2007ஆம் ஆண்டு 50 காசிலிருந்து ஒரு ரூபாயாகவும் அதன் விலை உயர்ந்தது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அதே ஒரு ரூபாய். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அரிசி, பால், பேருந்துக் கட்டணம் என விலை உயராத பொருள் ஒன்றில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்றுதான் அது இரண்டு ரூபாயானது.

விலை உயர்வை அறிவித்தபோது உற்பத்தியாளர்கள் ஒரு கணக்கைச் சொன்னார்கள். 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலை அவர்கள் அதுவரை 270 முதல் 300 ரூபாய்க்கே விற்றுவந்தனர். அதாவது, கடையில் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டிக்குச் செய்தவர் பெற்றது ஏறக்குறைய 50 காசு. ஒரு கிலோ சிவப்புப் பாஸ்பரஸின் விலை 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாகவும், மெழுகின் விலை 58 ரூபாயிலிருந்து 80 ரூபாயாகவும் உயர்ந்திருந்தன. அட்டையின் விலையும் ஏறியிருந்தது.

அந்த 50 காசுக்குள் எத்தனை பேர் அடங்கியிருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மென்மரத்தைக் குச்சியாகச் சீவுபவர், குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குபவர், மெழுகில் தோய்ப்பவர், மருந்தில் முக்குபவர், பெட்டி ஒட்டுபவர், குச்சியடைப்பவர், பெட்டியின் பக்கத்தில் மருந்து பூசுபவர், சிட்டை ஒட்டுபவர், கட்டுக் கட்டுபவர், வண்டியில் ஏற்றுபவர் என அந்த வரிசை நீள்கிறது. ஒரு சிறு பெட்டி, இத்தனை பேருக்கும் தன் ஐம்பது காசைப் பங்கிட்டுக் கொடுத்துவந்தது.

லைட்டரின் பத்து ரூபாய் வேறு வழியில் சென்றது. கடைக்காரர்க்கும் இடைத்தரகர்க்கும் இறக்குமதியாளர்க்கும் உரிய பங்குபோக, எஞ்சியது கடல்கடந்து போய்விட்டது. அதனுள் இருக்கும் எரிவளி தீர்ந்ததும், மீண்டும் நிரப்ப இயலாத அந்தக் கூடு வயலோரத்திலோ கண்மாய்க் கரையிலோ கிடக்கும். எரிந்த தீக்குச்சி நாளடைவில் மண்ணாகிவிடும். ஞெகிழிக் கூடு பல தலைமுறைகள் அங்கேயே கிடக்கும். அதை அகற்றும் செலவு லைட்டரின் விலையில் சேர்க்கப்படவில்லை. அச்செலவை ஊர் ஏற்கிறது. ஆகவே, பொருள் மலிவாகத் தோன்றும்போது, அதன் விலையில் ஒரு பகுதியை வேறு எவரோ செலுத்துகிறார்களா என்று கேட்பது அறிவுடைமையாகும்.

மலிவு என்னும் படைக்கலம்

மலிவு, போட்டியாளரை வீழ்த்தும் படைக்கலமாகவும் ஆகக்கூடும். இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

வ.உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனியுரிமைபோலக் கப்பல் விட்டுவந்தது ஆங்கிலேய நிறுவனம். சுதேசிக் கப்பல்கள் கடலில் இறங்கியதும் அந்நிறுவனம் பயணக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிச் சங்கமும் குறைத்தது. ஆங்கிலேய நிறுவனம் மேலும் மேலும் குறைத்து, இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச்செல்லவும், கூடவே குடையொன்றை அன்பளிப்பாகத் தரவும் முன்வந்தது.

இலவசப் பயணத்தைவிட மலிவானது எது? எளிய பயணி ஒருவர் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அவரை எவரும் குறைகூற இயலாது. ஆயினும், கட்டணம் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோரும் இருந்தனர். போட்டி ஒழிந்தபின் அந்த இலவசம் நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். தலைவரை இழந்த நாவாய்ச் சங்கம் தளர்ந்து, 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. கடல்வழி மீண்டும் ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. இன்றைய குறைந்த விலை, நாளையும் குறைந்த விலையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உள்ளூரில் செய்வோர் இருக்கும்வரை வாங்குவோர்க்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும். செய்வோர் இல்லாமற்போனால், பொருளோடு தேர்ந்தெடுக்கும் உரிமையும் மறைந்துபோகும்.

வாங்குபவரின் பொறுப்பு

காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்தவர். அயல்நாடுகளில் கணக்கியலும் பொருளியலும் பயின்றவர். 1934ஆம் ஆண்டு காந்தியடிகள் தொடங்கிய அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வழிநடத்தியவர். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துத் தே.கல்லுப்பட்டியில் கழித்தவர்.

ஒரு பொருளை வாங்குபவர், அது செய்யப்பட்ட முறைக்கும் ஒரு வகையில் பொறுப்பாளியாகிறார் என்பது குமரப்பாவின் கருத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது குற்றம் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். அவ்வாறே, பிறரை வருத்திச் செய்யப்பட்ட பொருளை வாங்குவதும் அவ்வருத்தத்தில் பங்குகொள்வதாகும் என்று அவர் கருதினார். தொலைவில் செய்யப்படும் பொருளில் அதை ஆராய்ந்தறிவது கடினம். கண்ணுக்கெட்டும் தொலைவில் செய்யப்படும் பொருளில் அது இயலும். அண்மையில் உள்ளோரின் பொருளை அவர் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கம்

உள்ளூர்ப் பொருள் என்ற ஒரே காரணத்தால் அதன் குறைகளை மறைத்தல் தகாது. தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றிலும் இருள் படிந்த பக்கம் உண்டு. பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவர் சிறுமியர் விடியற்காலையிலேயே வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தீப்பெட்டித் தொழிலகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலம் இருந்தது. அந்த நாள்களில் தீப்பெட்டியின் மலிவு, குழந்தைகளின் படிப்பை விலையாகப் பெற்ற மலிவு. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் முறைப்படுத்துதல் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அந்நிலையை மாற்றுவதில் பெரும்பங்காற்றியது. உள்நாட்டுப் பொருள் என்று தட்டிக்கொடுத்து அமைதியாக இருந்திருந்தால் அந்த மாற்றம் வந்திராது. கேள்வி கேட்டவர்களாலேயே வந்தது.

அயல்நாட்டு வணிகம் முழுவதையும் பகையாகக் கருதுவதும் பொருந்தாது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் 'அர்கரு' என்னும் இடத்து மென்துகிலைக் குறிப்பிடுகிறது. அவ்விடம் சோழர் தலைநகராகிய உறையூரே என்பர் அறிஞர். இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூரின் நெசவாளர்க்கு, அன்றைய உரோமாபுரி மக்கள் அயல்நாட்டு நுகர்வோராக இருந்திருக்கின்றனர். அவர்கள் எல்லாரும் தம் ஊர்த் துணியை மட்டுமே உடுத்துவோம் என்று முடிவெடுத்திருந்தால் உறையூரின் தறிகள் என்னவாகியிருக்கும்? கொள்ளலும் கொடுத்தலும் வணிகத்தின் இயல்பு. இங்கே செய்ய இயலாத மருந்தையும் கருவியையும் பிறநாட்டிலிருந்து பெறுவதில் இழுக்கில்லை. இங்கே நன்றாகச் செய்யப்படும் ஒரு பொருளை, சில காசுகளுக்காகக் கைவிடுவது பற்றியே இங்குப் பேசப்படுகிறது.

வறியவர்மீது அறத்தின் சுமை முழுவதையும் ஏற்றிவிடுதலும் நேர்மையாகாது. முப்பது ரூபாய் மிச்சமாவதைப் பெரிதாக எண்ண வேண்டிய நிலையில் உள்ளவர் மலிவான பொருளை எடுத்தால், அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று கூறுவது கொடுமை. அதனால்தான் இதில் அரசுக்கும் கடமை இருக்கிறது. ஒருமுறை மட்டுமே பயன்படும் லைட்டர்களைத் தடைசெய்ய வேண்டுமென்று 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. பின்னர், அவற்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டுவருவதற்கும் 2024ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. முழுப்பொருளுக்கு ஒரு தடை, பாகங்களுக்கு மற்றொரு தடை என அடுத்தடுத்து ஆணைகள் தேவைப்பட்டதிலிருந்தே ஒன்று விளங்கும். சட்டம் துறைமுகத்தின் வாயிலை அடைக்கலாம். கடைப்பலகையின் முன் நிற்பவரின் மனத்தில் எழும் கேள்விக்குச் சட்டம் விடை சொல்ல இயலாது.

கேட்கும் தொலைவு

வையம்பட்டிக் கடையின் முன் நின்றவர்க்கு இந்த ஆணைகள் எவையும் அன்று தெரியாது. அவை அப்போது பிறக்கவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது தம் கையின் வரலாறு மட்டுமே. லைட்டரை மீண்டும் ஒருமுறை ஒளியில் பிடித்துப் பார்த்தார். அதன் இணைப்புகளின் ஒழுங்கை, தொழில் அறிந்தவர்க்கே உரிய மதிப்போடு கவனித்தார். பின்னர் அதைப் பலகையின்மேல் வைத்துவிட்டார்.

"தீப்பெட்டியே குடுங்க அண்ணாச்சி."

கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டினார். பெற்றுக்கொண்டவர் போய்விடவில்லை. பெட்டியைத் திறந்து குச்சிகளை எண்ணுவதுபோல் பார்த்தார்.

"போன தடவ வாங்குன பெட்டியில பத்துக் குச்சிக்கு மேல மருந்து உதுந்து போச்சு. சரக்குப் போட வர்றவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. காசக் கூட்டுனா கூட்டட்டும். குச்சி நல்லா இருக்கணும்."

கடைக்காரர் சிரித்தார். "சொல்றேங்க. அடுத்த செவ்வாக்கெழம வருவாரு."

வையம்பட்டி நிலையத்தைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டியை அடைகிறது. ஒரு குச்சியில் மருந்து உதிர்ந்தது என்ற முறையீடு அந்த வழியே சென்று, அதை முக்கிய கையை எட்டக்கூடும். கல்லில் ஒரு பட்டை பிசகினால் திருச்சிராப்பள்ளி நகைக் கடைக்காரர் மறுநாளே பட்டறைக்கு வந்து கேட்ட காலத்தை அவர் அறிவார். அந்தக் கேள்விகளே அவர் கையைத் திருத்தின. கேள்வி கேட்பதற்கும் விடை சொல்வதற்கும் உரிய தொலைவில் செய்பவரும் வாங்குபவரும் வாழ்வதே உள்ளூர்ப் பொருளின் தனிச்சிறப்பு. கடல்கடந்து வந்த நீலநிறக் கூட்டிடம் அவரால் எதையும் கேட்டிருக்க முடியாது. பழுதானால் எறிவதைத் தவிர வேறு வழியுமில்லை.

உள்ளூர்ப் பொருளை வாங்குபவர், செய்பவர்க்கு வாழ்வளிக்கிறார். அதனாலேயே நல்ல பொருளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அடைகிறார். வாங்குவதோடு நின்றுவிட்டால் அது இரக்கமாக முடியும். வாங்கியபின் தரத்தையும் கேட்டால் தொழில் வளரும். குறை சொன்னவரைப் பகைவராகக் கருதாமல், அக்குறையைத் திருத்திக்கொள்வது செய்பவரின் கடமை.

அவர் தீப்பெட்டியை நனையாதவாறு சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார். வேலைக்குச் செல்லும் வழியில் வீட்டில் அதைக் கொடுத்துவிட வேண்டும். மழை இன்னும் விடவில்லை. அவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார்.

தெரிந்து தெளிவோம்

ஓர் இடத்தின் மண், நீர், தட்பவெப்பம், மக்களின் கைத்திறன் ஆகியவற்றால் தனித்தன்மை பெற்ற பொருளுக்கு வழங்கப்படும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் இந்தியாவில் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டும், மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டும் இக்குறியீட்டைப் பெற்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் வாங்கப்படும் பொருள்களுள் பத்தினைத் தேர்ந்தெடுத்து, அவை செய்யப்பட்ட இடங்களை எழுதிப் பட்டியல் உருவாக்குக.

2. உங்கள் ஊரில் நலிந்துவரும் கைத்தொழில் ஒன்றைச் செய்பவரைச் சந்தித்து உரையாடி, அத்தொழிலின் நிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

3. "மலிவான பொருளை வாங்குவது வறியவரின் உரிமை", "உள்ளூர்ப் பொருளை வாங்குவது நுகர்வோரின் கடமை" ஆகிய இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.